வெர்னா ஸ்டிதம் கேட்ட ஒரு மதிப்பெண்

அறுபத்தொன்பது. தேறுவதற்கு எழுபது வேண்டும்.

அந்த மதிப்பெண் தாளை வெர்னா என் மேசைமேல் வைத்தபோது அவள் விரல்களில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடியிருந்தார்கள். எங்கள் ஸ்லேட் ஃபோர்க் பள்ளிச் சமையலறையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம். அதே பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக எனக்குப் பதினோரு வருஷம். அத்தனை நாளில் ஏப்ரனோடு அவள் என் வகுப்புக்குள் வந்தது அன்றுதான் முதல்முறை.

"டீச்சர், ஒரு வாக்கியம் சொல்றேன். அதுல கடைசி வார்த்தை எந்த வகைச் சொல்லுன்னு சொல்லுங்க."

"சொல்லுங்க வெர்னா."

"த மைனர்ஸ் கேம் ஹோம் சேஃப்."

நான் யோசிக்கவே இல்லை. "வினையடை. சுரங்கத்து ஆளுங்க எப்படி வந்தாங்க? சேஃபா வந்தாங்க. 'எப்படி'ன்னு கேட்டா பதில் வருதுல்ல? அப்போ வினையடைதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "நீங்களுமா?" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வகுப்பறை உதவியாளர் வேலைக்கு ஒரு தேர்வு வைப்பார்கள்; கேள்வித்தாள் வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து வரும். வாசிப்பு, கணக்கு, இலக்கணம். முந்தின வருஷம் ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஏழு பிள்ளைகளுக்கு உதவியாளர் கிடைக்கவில்லை. சமையலறைக்கு எதிரே தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்து வருஷம் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். அதைத் தினமும் பார்த்தவள் வெர்னா. கடைசியில் தானே அந்த வேலைக்கு எழுதிப் போட்டாள். பிஸ்கட் அடுப்பில் வேகும் நேரத்தில், மாவு மூட்டைமேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்து எட்டு மாதம் படித்தாள்.

தோற்றவர்கள் கவுண்டி அலுவலகத்துக்குப் போய்த் தங்கள் விடைத்தாளைப் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான், எதையும் எழுதிக்கொண்டு வரக்கூடாது. வெர்னா போய்ப் பார்த்திருக்கிறாள். கணக்கில் செய்த தப்புகளை ஒப்புக்கொண்டாள். வாசிப்பிலும் ஒப்புக்கொண்டாள். முப்பத்துநான்காம் கேள்வியில் நின்றுவிட்டாள். அவள் 'பெயரடை' என்று குறித்திருந்தாள். விடைப்பட்டியல் 'வினையடை' என்றது.

"எங்கப்பா ஆர்விலை உங்களுக்குத் தெரியாது, டீச்சர். நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். ஆறாம் நம்பர் சுரங்கத்துல பழைய குழியிலேர்ந்து தண்ணி ஒடைச்சுக்கிட்டு வந்துச்சு. ஒன்பது பேர் உள்ள. ரெண்டு நாளு. இடுப்பளவு உசரம்கூட இல்லாத பொந்துல, தண்ணியில வயித்தால தேய்ச்சுத் தேய்ச்சு வந்தாங்க. விளக்கு செத்துப்போச்சு. அப்பாவுக்குப் பத்து விரல்லயும் நகமே இல்ல. நாலு தடவை கூரை இடிஞ்சு விழுந்திருக்கு." அவள் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். "இப்ப சொல்லுங்க. அந்த வர்ற வழியில எது சேஃப்? வந்த விதத்துல எது சேஃப்? ஒண்ணுமே இல்ல. ஆனா வெளிய வந்தப்ப ஒன்பது ஆளும் சேஃப். அந்த வார்த்தை வந்த விதத்தைச் சொல்லல, டீச்சர். வந்த ஆளைச் சொல்லுது. ஆளைச் சொன்னா அது பெயரடை. நீங்க எட்டாம் வகுப்புல அப்படித்தானே சொல்லித் தர்றீங்க?"

நான் அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

அவள் பின்னாலேயே வந்திருந்த ஓப்பல் கதவில் சாய்ந்து நின்றாள். சமையலறையில் வெர்னாவோடு வேலை செய்பவள். எந்தப் பேச்சிலும் புகுந்துவிடுவாள். "இதுக்கு இலக்கணம் வேற வேணுமா? பிள்ளைங்க பதினொன்றரைக்குப் பசியோட ஓடி வருதுங்க. பசி ஓட்டத்துக்கா, பிள்ளைக்கா? ஓட்டத்துக்கு நான் பீன்ஸ் போட்டுக்கிட்டா இருக்கேன்?"

வெர்னாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அலமாரியிலிருந்து கல்லூரியில் வாங்கிய தடித்த இலக்கண நூலை எடுத்தேன். பதினோரு வருஷமாக நான் திறக்காத புத்தகம். பத்து நிமிஷத்தில் கிடைத்தது. 'களைத்து வந்தார்கள்', 'இளமையிலேயே இறந்தான்', 'உயிரோடு திரும்பினாள்' என்பது போன்ற ஆங்கில வாக்கியங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கடைசியில் வரும் 'டயர்ட்', 'யங்', 'அலைவ்' போன்ற சொல் எழுவாயைத்தான் வருணிக்கிறது, ஆகவே பெயரடை என்று அச்சிட்டிருந்தது. சமையல்காரி சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. தேர்வுக் கம்பெனி சொன்னதும் தப்பு.

"வெர்னா, நீங்க பாஸ்," என்றேன்.

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியணும். ஒரு கடுதாசி எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

இங்கே நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதில் கடைசிக் கையெழுத்து, அந்தத் தேர்வை நடத்தும் டாக்டர் பிரெஸ்காட்டினுடையது. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே," என்றேன்.

"யோசிங்க, டீச்சர். நானும் எட்டு மாசம் யோசிச்சுட்டுத்தான் அந்தப் பரிட்சையை எழுதினேன்."

ஆனாலும் வியாழக்கிழமை அவளைக் கவுண்டி அலுவலகத்துக்கு என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் டிரக் பழுதுக்கு நின்றது. கூடப் போவதே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் பிரெஸ்காட்டுக்கு நரைத்த, ஒழுங்காக வெட்டிய தாடி. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். பணியாளர் பிரிவுக்கு இயக்குநர். தலைநகரத்திலிருந்து எங்கள் மலைப்பக்கம் வந்து மூன்று வருஷம் ஆகியும், யாரோ பிடித்துத் தள்ளிவிட்டது போலவே இருப்பார். வெர்னா சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்து கொண்டிருந்தார்.

"மிஸஸ் ஸ்டிதம், இந்தத் தேர்வைத் தயார் பண்றது முனைவர் பட்டம் வாங்கினவங்க. பதினாலு மாநிலத்துல நடக்குது. விடை தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"யாரும் சொல்லலன்னா அது சரின்னு ஆயிடுமா, சார்? இட் எய்ன்ட் ரைட்." 'இஸ்ன்ட்' எங்கள் மலைப்பேச்சில் 'எய்ன்ட்' ஆகும்.

அவர் புன்னகைத்தார். எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் அந்தப் புன்னகை தெரியும். நாங்கள் வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசியதும் வருவது. "'எய்ன்ட்.' பாருங்க மிஸஸ் ஸ்டிதம், பேச்சிலேயே இப்படி இருக்கு. நீங்க எங்களுக்கு இலக்கணம் திருத்துறீங்க. முறையா எழுதறவங்க அந்த இடத்துல 'சேஃப்லி'ன்னு எழுதுவாங்க. உங்களை மாதிரி பேசறவங்க 'லி'யை முழுங்கிடறீங்க. அதான் குழப்பம்."

வெர்னாவின் கழுத்து சிவந்தது. "அந்த வாக்கியத்தை எழுதினது நான் இல்ல, சார். உங்க முனைவருங்க. முழுங்கியிருந்தா அவங்கதான் முழுங்கியிருக்காங்க."

அவர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஆங்கில ஆசிரியை. நீங்களே சொல்லுங்க. உங்க அபிப்பிராயம் என்ன?"

நூலில் பக்கம் குறித்து வைத்திருந்தேன். என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து வைத்தால் போதும்.

"ரெண்டு விதமாவும் பார்க்கலாம்," என்றேன்.

"அவ்வளவுதான்," என்று அவர் பேனாவை மூடினார். "அடுத்த தேர்வு அடுத்த வருஷம். வாழ்த்துக்கள்."

திரும்பும் வழி பதினாலு மைல். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கடை ஒன்று உண்டு. அங்கே இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல் வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு விதமாவா?"

"வெர்னா, என் நிலைமை..."

"அந்தாள் என்னைக் கேலி பண்ணினது எனக்கு வலிக்கல. அவருக்கு இலக்கணம் தெரியாது. தெரியாதவன் சொல்ற பேச்சு. உங்களுக்குத் தெரியும். புக்கு உங்க பையில இருந்துச்சு." காரின் கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுவாரம், கல்விக் குழுவின் பொதுக் கூட்டத்தில் பேசுவதற்கு வெர்னா பெயர் கொடுத்தாள். யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். பொதுவாகப் பேருந்துத் தடம், கால்பந்து மைதானம் என்றுதான் பேசுவார்கள். பெயர் கொடுத்த மறுநாளே அலுவலகத்திலிருந்து அவளுக்குத் தொலைபேசி வந்தது. அதை அவள் சமையலறையில் நின்று பேசினாள். சாப்பிட்ட தட்டை வைக்கப் போன நானும் அங்கிருந்த ஓப்பலும் மறுமுனைக் குரலும் காதில் விழும் தூரத்தில் நின்றோம். அந்தப் பக்கம் பிரெஸ்காட். குரல் வெண்ணெயாக உருகியது. வெர்னாவின் நீண்ட கால உழைப்பைக் கருதி, தனிப்பட்ட சலுகையாக, இந்த ஒருமுறை மட்டும் தேர்ச்சி பெற்றதாகக் கொள்ளலாமாம். ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மேற்கொண்டு முறையீடு எதுவும் இல்லை என்று அதில் இருக்கும்.

"அப்போ என் மார்க்கு எழுபதா?" என்று கேட்டாள் வெர்னா.

மதிப்பெண் மாறாதாம். அறுபத்தொன்பதுதான். சலுகை மட்டும்.

"அப்போ நான் தப்பு, நீங்க நல்லவரு. அதானே, சார்?"

மறுமுனையில் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"உங்க அலுவலகத்துல அன்னைக்கு விடைத்தாள் பார்க்க என்கூட இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அதுல பஸ் ஓட்டுற ராய்ஸும் அறுபத்தொன்பது. அவருக்கும் உங்க சலுகை உண்டா?" பதிலைக் கேட்டாள். "இல்லையா. சரி. அப்போ எனக்கும் வேண்டாம்."

வைத்துவிட்டாள். ஓப்பல் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி பைத்தியக்காரி! வேலைதானே வேணும்? கொடுக்கறாங்க, வாங்கிக்கயேன்! மணிக்கட்டு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, இன்னும் எத்தனை வருஷம் இந்தப் பானையைத் தூக்குவ?"

"வாங்கிக்கிட்டு அந்தப் பிள்ளைங்க முன்னாடி உட்கார்ந்து என்னத்தச் சொல்லுவேன், ஓப்பல்? தப்பு விடையை வாங்கிக்கிட்டுத்தான் டீச்சரு ஆனேன்னா?"

அவள் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் அது என்மேல்தான் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம். உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் நாற்காலிகள் போதாமல் ஜன்னல் ஓரமெல்லாம் ஆள் நின்றார்கள். ஓப்பலின் வாய் எவ்வளவு தூரம் போகும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் மனைவிமார், பஸ் ஓட்டுநர்கள். ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ஒரு கிழவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த ஒன்பது பேரில் ஒருவர் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

வெர்னா எழுதி வைத்த தாளைப் பார்த்துத்தான் வாசித்தாள். கேள்வி, தன் விடை, அவர்கள் விடை, நூலில் இருப்பது. பிறகு தாளைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு பேர் மேடையில உட்கார்ந்திருக்கீங்க. உங்கள்ல யார் வீட்டுலயும் சுரங்கத்துக்குப் போன ஆள் இல்லாம இருக்காது. சுரங்கத்து வாசல்ல நின்னு நாம என்ன கேப்போம்? அவன் வந்த விதம் எப்படின்னா? ஆள் முழுசா இருக்கானான்னுதானே கேப்போம்! நம்ம வாழ்க்கையை எடுத்து ஒரு கேள்வி போடுறாங்க. அதுக்கு நம்மகிட்டயே தப்பு விடையைக் கொடுத்து, தப்புன்னு சொன்னா உனக்குப் பேசவே தெரியாதுன்னு சொல்றாங்க. நான் 'எய்ன்ட்'னு சொல்லுவேன். எங்கம்மா சொன்னா, நானும் சொல்லுவேன். அது என் பேச்சு. பரிட்சையில நான் எழுதினது இலக்கணம். அது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு இங்க நான் இல்ல."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. பிரெஸ்காட் எழுந்து, உணர்ச்சியை வைத்துத் தேர்வை மதிப்பிட முடியாது என்றார். தகுதியுள்ள ஆங்கில ஆசிரியை ஒருவரையே தாம் கேட்டதாகவும், இரண்டு விதமாகவும் பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகவும் குறிப்பிட்டார். என் பெயரையும் சொன்னார்.

நூலகமே திரும்பி என்னைப் பார்த்தது. வெர்னா மட்டும் திரும்பவில்லை.

அவர்மேல் கோபம், அவர் கையில் அந்த வாக்கியத்தைக் கொடுத்த என்மேல் அதைவிட. எழுந்தேன். பெயர் கொடுக்கவில்லையே என்றார் கல்விக் குழுத் தலைவி மிஸஸ் கில்லி. "என் பேரைத்தான் இப்ப அவர் கொடுத்துட்டாரே," என்றேன். யாரோ சிரித்தார்கள். பேசுங்கள் என்றார் அவர்.

"அது பொய். நான் சொன்னது பொய். ரெண்டு விதமா பார்க்க முடியாது. அது பெயரடை. இதோ இந்தப் பக்கத்துல இருக்கு. அன்னைக்கும் இந்த புக்கு என் பையில இருந்துச்சு. என் ஒப்பந்தத்துல டாக்டர் பிரெஸ்காட் கையெழுத்துப் போடணும்னு பயந்துக்கிட்டு நான் அதை வெளிய எடுக்கல. அதோட இன்னொண்ணு. பதினோரு வருஷமா உங்க பிள்ளைங்களுக்கு நான் இதைத் தப்பாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். எங்க சமையலறையில பீன்ஸ் கிண்டுறவங்க வந்து திருத்தினாங்க. அந்த ஒரு மார்க்கு அவங்களுக்கு நீங்க போடற சலுகை இல்ல, அது அவங்க மார்க்கு."

பிரெஸ்காட் எதையோ குறித்துக்கொண்டார். அது என்ன என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

கம்பெனிக்கு எழுதலாம் என்று மூன்றுக்கு இரண்டு வாக்கு விழுந்தது. அந்த இரண்டு பேர், ஒரு கேள்விக்காகக் கம்பெனியோடு உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றவர்கள். உறவாம்! மூன்று பேர் சொன்னபடி, நூலின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கம்பெனிக்கு அதிகாரபூர்வமாகக் கடிதம் போனது.

மறுநாள் காலை என் எட்டாம் வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்போ செப்டம்பர் டெஸ்ட்ல நீங்க எங்களுக்குத் தப்புன்னு போட்டீங்களே, அது?" பழைய தாள்களை எடுத்து வரச் சொன்னேன். ஒன்பது தாளில் சரியான விடையைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன். ஒன்பதையும் திருத்தினேன். அதற்கு எனக்கு இருபது நிமிஷம்தான் ஆனது.

கம்பெனிக்கு ஏழு வாரம் ஆனது.

கடிதம் நவம்பர் கடைசியில் வந்தது. இரண்டே வரி. மறு ஆய்வுக்குப் பின் முப்பத்துநான்காம் கேள்வியின் விடை திருத்தப்பட்டுள்ளது. உரிய தேர்வர்களின் மதிப்பெண்கள் மாற்றப்பட்டுள்ளன. எங்கள் கவுண்டியில் மட்டும் ஆறு பேர் அந்த ஒரு மதிப்பெண்ணால் தேறினார்கள். பஸ் ஓட்டும் ராய்ஸும் அதில் ஒருவர். பதினாலு மாநிலங்களில் எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை வருஷமாக அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது என்றும் சொல்லவில்லை.

ஓப்பல் வெர்னாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். சமையலறை முழுக்கக் கூச்சல். வெர்னா சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மறுபடி வாசித்தாள்.

"திருத்தப்பட்டுள்ளது. மாற்றப்பட்டுள்ளன," என்றாள். "இதுல ஆளே இல்லயே, டீச்சர். தப்புப் பண்ணினது யாரு? திருத்தினது யாரு? வினைச்சொல்லு ரெண்டு இருக்கு, எழுவாய் எங்க போச்சு?"

"அப்படித்தான் எழுதுவாங்க, வெர்னா."

"ஒரு 'மன்னிக்கணும்'கூட இல்ல."

அதற்குள் எங்கள் பள்ளியில் அந்த வேலைக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். முறையீடு நடக்கும்போது இடத்தைக் காலியாக வைக்க விதி இல்லையாம். பிரெஸ்காட்டின் அலுவலகம் வெர்னாவுக்கு ஜனவரியில் வேறு பள்ளி கொடுத்தது. மலைக்கு அந்தப் பக்கம், இருபத்திரண்டு மைல், பனிக்காலத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கும் பாதை. பக்கத்திலேயே இன்னொரு பள்ளியில் இடம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அவள் வாதாடவில்லை. பனியில் வழுக்காமல் இருக்க டிரக் சக்கரங்களுக்குச் சங்கிலி வாங்கினாள்.

என் ஒப்பந்தத்தை அவர்களால் நிறுத்த முடியவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு துணியவில்லை. ஆனால் என்னைத் தினமும் சாப்பாட்டுக்கூட மேற்பார்வைக்குப் போட்டார்கள். மற்ற ஆசிரியர்களுக்கு மாதம் இரண்டு முறை வருவது எனக்கு வாரம் ஐந்து நாள். பிரெஸ்காட் அன்று குறித்துக்கொண்டது அதுதான். அந்த வருஷக் கடைசியில் தேர்வின் தரத்தை உயர்த்தியதற்காக அவருக்கு விருந்து வைத்துக் கேடயம் கொடுத்தார்கள். அந்த விருந்துக்கு நான் போகவில்லை.

வெர்னா கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். ஒரு பிழைகூட இல்லை. தவறு செய்தவர் பெயரைக் குறிப்பிட்டு, தோற்றுப்போன அத்தனை பேருக்கும் அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. பிப்ரவரியில் இரண்டாவது கடிதம் எழுதினாள். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஓப்பலும் ராய்ஸும் போட்டார்கள். அதற்கும் இன்றுவரை பதில் இல்லை.